மோல்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்

கேள்வி: கோவை கணபதியில் எட்டு வருடமாக ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். கிரைண்டர் கம்பெனிகளுக்கு டிரம், புல்லி, ஷாஃப்ட் செய்து கொடுக்கிறோம். இப்போது சொந்தப் பெயரில், இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடுகளுக்காக 1 லிட்டர் டேபிள் டாப் வெட் கிரைண்டர் கொண்டுவர ஆசை. டிசைனர் ஒருவர் கம்ப்யூட்டரில் அழகாக வரைந்து கொடுத்துவிட்டார். பிளாஸ்டிக் பாடிக்கு எஃகு மோல்டு (வார்ப்பு அச்சு) கொட்டேஷனும் வந்துவிட்டது, 40 சதவீதம் முன்பணம் கேட்கிறார்கள். டீலர்கள் தேங்காய் துருவியும் சப்பாத்தி மாவு பிசைவதும் கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். மைத்துனர் ஆறு கலர் போடச் சொல்கிறார். எதை முதலில் செய்வது? விலையை எப்படி வைப்பது?

- வாசகர், கோவை

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

மோல்டு முன்பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். மோல்டு செய்பவர் மேல் சந்தேகம் என்பதால் இல்லை. உங்கள் மெஷினைப் பற்றி இன்னும் பதில் தெரியாத கேள்விகள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குக்கூட மோல்டு பதில் சொல்லாது. கம்ப்யூட்டர் படத்தில் தவறு இருந்தால் பத்து நிமிடத்தில் திருத்திவிடலாம். பிளைவுட்டில் பூட்டிய மாதிரியில் என்றால் அரை நாள் போகும். வெட்டிய எஃகில் என்றால் வெல்டிங் வைத்து, மறுபடி மில்லிங் செய்து, பாலிஷ் போட்டு, வாரக்கணக்கில் இழுக்கும். விற்ற பிறகு தெரிந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் அனுப்ப வேண்டும். அதனால் ஒரு புதுப் பொருளில் முதலில் தேட வேண்டியது, எது பொய்த்துப்போனால் இந்தப் பொருளே வேண்டாம் என்று ஆகிவிடும் என்பதைத்தான். அதற்கான பதிலை எவ்வளவு மலிவாகத் தெரிந்துகொள்ள முடியுமோ அவ்வளவு மலிவாகத் தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்த செலவு.

உங்கள் விஷயத்தில் அந்தக் கேள்வி பாடியின் அழகோ கலரோ இல்லை. 1 லிட்டர் டிரம்மில் 100 கிராம் உளுந்து போட்டால் பொங்கி வருமா? இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஆட்டும் அளவு அதுதான். பெரிய டிரம்மில் அவ்வளவு கொஞ்சமாகப் போட்டால் மாவு சுவரில் அப்பிக்கொள்ளும், கல் வெறுமனே சுற்றும். அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகத்தான் சின்ன மெஷினே வாங்குவார்கள். உங்கள் மெஷினிலும் அதே கதை என்றால் வேறு எதைச் சேர்த்தாலும் பயன் இல்லை.

பெரிய மெஷினை அப்படியே சுருக்கினால் சின்ன மெஷின் வந்துவிடும் என்று நினைத்துத்தான் பலர் இங்கே சறுக்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 2 லிட்டர் டிரம்மின் உள்விட்டம் 200 மி.மீ., வேகம் நிமிடத்துக்கு 140 சுற்று என்று வைத்துக்கொள்வோம். எல்லா அளவையும் 0.8 மடங்கு ஆக்கினால் விட்டம் 160 மி.மீ., கொள்ளளவு கிட்டத்தட்ட பாதி, அதாவது 1 லிட்டர். இதுவரை சரி. ஆனால் உருளைக்கல்லின் எடையும் பாதியாகிவிடும். கல் அடிக்கல்லைத் தொடும் கோட்டின் நீளமோ 0.8 மடங்குதான் குறையும். ஆக, ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்திலும் மாவின் மேல் விழும் அழுத்தம் பழையதில் 64 சதவீதம்தான். அரவை நேரம் கூடும், நேரம் கூடினால் மாவு சூடாகும், சூடானால் மாவின் பதமும் புளிப்பும் மாறும். அதனால் சின்ன கிரைண்டரில் கல்லின் எடையை மட்டும் நம்ப முடியாது, மேலிருந்து ஸ்பிரிங் வைத்து அழுத்தத்தான் வேண்டும். ஸ்பிரிங் வைத்தால் கல் சுற்றும் புஷ்ஷுக்கும் கீழே உள்ள பேரிங்குக்கும் சுமை ஏறும். புஷ் தேய்ந்தால் கருப்புத் தூள் மாவில் இறங்கும். ஒன்றை மாற்றினால் மூன்று மாறும் என்பது இதுதான்.

வேகத்திலும் இப்படி ஒரு சிக்கல் இருக்கிறது. டிரம்மின் விளிம்பு வேகம் பழைய மெஷினில் இருப்பது போலவே நொடிக்குச் சுமார் 1.5 மீட்டர் வேண்டும் என்றால், 160 மி.மீ. டிரம் 175 சுற்று ஓட வேண்டும். ஆனால் அந்த வேகத்தில் மாவைச் சுவருக்குத் தள்ளும் விசை பழைய மெஷினைவிட 25 சதவீதம் கூடிவிடும். அந்த விசையைப் பழைய அளவில் வைக்க வேண்டுமானால் 157 சுற்றில் நிறுத்த வேண்டும், அப்போது விளிம்பு வேகம் குறையும். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோதான் உங்கள் வேகம் இருக்கிறது. அதை ஓட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

அதை ஓட்டிப் பார்க்கும் வசதி உங்களுக்கு ஏற்கனவே இருக்கிறது, இதுதான் உங்கள் பெரிய பலம். 2 லிட்டர் மெஷினின் அடிப்பாகம் ஒன்றை எடுத்துப் பிளைவுட் பலகையில் பூட்டுங்கள். அதன் மேல் 160 மி.மீ. டிரம் ஒன்றைத் தகட்டில் செய்து பொருத்துங்கள். பெரிய புல்லி 200 மி.மீ., மோட்டார் சுமையில் 1,400 சுற்று ஓடுகிறது என்றால், பெல்ட் உட்காரும் விட்டம் 20, 22, 25 மி.மீ. என மூன்று மோட்டார் புல்லி கடைந்துகொள்ளுங்கள். டிரம் முறையே 140, 154, 175 சுற்று ஓடும். கல்லின் மேல் ஸ்பிரிங் இல்லாமல் ஒரு முறை, மென்மையான ஸ்பிரிங்குடன் ஒரு முறை, கடினமான ஸ்பிரிங்குடன் ஒரு முறை. மூன்று வேகம், மூன்று அழுத்தம், மொத்தம் ஒன்பது ஓட்டம். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்தால் பதினெட்டு.

ஒரே மூட்டை உளுந்து, ஒரே ஊறல் நேரம், ஒரே அளவு தண்ணீர் இருக்க வேண்டும். தண்ணீரையும் கண்ணளவில் ஊற்றாமல் தராசில் எடை போட்டு ஊற்றுங்கள். இல்லாவிட்டால் எந்த மாற்றம் எதனால் வந்தது என்று சொல்லவே முடியாது. மாவு பதமாக வந்ததா என்பதற்கு வீட்டில் ஒரு நல்ல சோதனை உண்டு. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு உளுந்து மாவை விட்டால் அது மிதக்க வேண்டும். மிதப்பது என்றால் காற்று ஏறித் தண்ணீரைவிட லேசாகிவிட்டது என்று அர்த்தம். இதையே எண்ணாக மாற்றலாம். சரியாக 100 மி.லி. பிடிக்கும் கிண்ணம் ஒன்றை எடுத்து, மாவைத் தலைதட்டி நிரப்பி எடை போடுங்கள். எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு காற்று ஏறியிருக்கிறது, 100 கிராமுக்குக் கீழே இறங்கினால் மாவு மிதக்கும். 15, 20, 25, 30 நிமிடத்தில் இப்படி எடை எடுத்து, மாவின் வெப்பநிலையையும் பக்கத்தில் குறியுங்கள். உங்கள் பட்டறையில் ஓடும் 2 லிட்டர் மெஷினில் 300 கிராம் உளுந்து போட்டு அதே அளவுகளை எடுத்து வையுங்கள், ஒப்பிட அதுதான் அளவுகோல். அதற்குச் சமமாக வராத மெஷினைச் சந்தைக்கு அனுப்ப வேண்டாம்.

கூடவே ஒரு டிம்மர்ஸ்டாட் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து வோல்டேஜைக் குறைத்துப் பாருங்கள். இண்டக்ஷன் மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட்டில் இருக்கும் இழுவிசையில் 61 சதவீதம்தான் 180 வோல்ட்டில் கிடைக்கும். கரண்ட் போய் நின்ற மெஷின், கெட்டி மாவோடு மறுபடி கிளம்ப வேண்டும். மோட்டார் முனகிக்கொண்டு நின்றுவிட்டால் வைண்டிங் கருகும். கெட்டி உளுந்தோடு நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு, 180 வோல்ட்டில் கிளப்புங்கள். பத்து முறை கிளம்பினால்தான் அந்த மோட்டாரும் கெப்பாசிட்டரும் தேறின. மோட்டார் எத்தனை வாட் என்பதை இந்தச் சோதனை சொல்லட்டும், கேட்லாக் சொல்ல வேண்டாம்.

இந்த வேலை நடக்கும்போதே இன்னொரு பக்கம் பன்னிரண்டு வீடுகளுக்குப் போங்கள். வயதான தம்பதி தனியாக இருக்கும் வீடு, இருவரும் வேலைக்குப் போகும் அபார்ட்மெண்ட் வீடு, இரண்டும் கலந்து இருக்கட்டும். போய், "இப்படி ஒரு மெஷின் வந்தால் வாங்குவீர்களா அம்மா?" என்று கேட்டுவிடாதீர்கள். நம் ஊரில் வீடு தேடி வந்தவர் முகத்துக்கு நேரே யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அந்த "ஆமாம்" ஒன்றுக்கும் உதவாது. அவர்கள் மாவாட்டும் நாளில் போய் முழுவதையும் கூட இருந்து பாருங்கள். கிரைண்டர் எங்கே இருக்கிறது: மேடையிலா, தரையிலா, பரணிலா? யார் தூக்குகிறார்கள்? ஆட்டி முடித்ததும் சொட்டும் கல்லை எங்கே வைக்கிறார்கள்? மாவை வழிக்க எத்தனை தடவை கை உள்ளே போகிறது, எந்த மூலையில் விரல் எட்டவில்லை? கழுவ டிரம்மைச் சிங்க்குக்குக் கொண்டுபோகிறார்களா, இருந்த இடத்திலேயே தண்ணீர் ஊற்றித் துடைக்கிறார்களா?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் இருந்த இடத்திலேயே கழுவும் வீடு என்றால் தண்ணீர் டிரம்முக்கும் பாடிக்கும் நடுவில் வழிந்து பேரிங்குக்குப் போகும். டேபிள் டாப் மெஷின்கள் உயிரை விடுவது பெரும்பாலும் அந்த வழியில்தான். பேரிங்கைச் சுற்றி உயர்த்திய ஒரு வளையம், ஷாஃப்ட்டில் தண்ணீரை வெளியே தெறிக்கவிடும் ஒரு தட்டு, பாடியின் அடியில் வடிய ஒரு துளை, இவ்வளவுதான் மருந்து. மூன்றும் மோல்டு படத்திலேயே இருக்க வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. வீட்டில் பார்க்காமல் வரைந்த படத்தில் இது விடுபட்டிருக்கும், உங்கள் டிசைனரின் படத்தைத் திறந்து பாருங்கள்.

பார்த்ததையெல்லாம் ஒரே பக்கத்தில் அளக்கக்கூடிய வரிகளாக எழுதுங்கள். "சுலபமாகக் கழுவலாம்" என்று எழுதினால் யாரும் சோதிக்க முடியாது. "டிரம்மும் கல்லும் சேர்ந்து 4 கிலோவுக்குள், உள்ளே எந்த மூலையும் விரல் நுனியைவிடக் குறுகலாக இல்லை, மூன்று நிமிடத்தில் கழுவி முடியும்" என்று எழுதினால் முடியும். 100 கிராம் உளுந்து எத்தனை நிமிடத்தில் மிதக்க வேண்டும், ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு சத்தம் வரலாம், மேடையில் எவ்வளவு இடம் பிடிக்கலாம், 180 வோல்ட்டில் கிளம்ப வேண்டும், எல்லாம் அந்தப் பக்கத்தில் வரட்டும். பின்னால் யார் வந்து எதைச் சேர்க்கச் சொன்னாலும் இந்தப் பக்கத்தோடு ஒத்துப்பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

டீலர்கள் கேட்கும் துருவியும் பிசைவதும் இங்கேதான் வருகிறது. ஜப்பானியப் பேராசிரியர் நோரியாகி கானோ 1984-ல் சொன்ன பாகுபாடு இதற்கு நன்றாக உதவும். சில குணங்கள் இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், இல்லாவிட்டால் கோபப்படுவார்கள். ஷாக் அடிக்காமல் இருப்பது, மாவில் கல்தூள் வராமல் இருப்பது அப்படிப்பட்டவை. சில குணங்கள் கூடக் கூடத் திருப்தியும் கூடும். அரவை நேரம், சத்தம், எடை இந்த வகை. இன்னும் சில, எதிர்பாராமல் கிடைத்தால் மகிழ்ச்சி தரும், இல்லையென்றாலும் குறை சொல்ல மாட்டார்கள். துருவியும் பிசைவதும் இந்த மூன்றாம் வகை. டீலருக்குக் கடையில் காட்டிப் பேச ஒன்று வேண்டும் என்பது நியாயமான தேவைதான். ஆனால் சப்பாத்தி மாவு பிசைய மெதுவான வேகமும் நிறைய இழுவிசையும் வேண்டும். அதற்காக மோட்டாரைப் பெரிதாக்கினால் எடையும் விலையும் ஏறி, இரண்டு பேர் வீட்டுக்கான சின்ன மெஷின் என்ற உங்கள் ஒரே காரணமும் போய்விடும். முதல் பதிப்பில் பிசைவது வேண்டாம். துருவிக்கு மட்டும், நடு ஷாஃப்ட்டின் மேல்முனையைப் பின்னால் இணைப்பு மாட்டும்படி இப்போதே வடிவமைத்துவிடுங்கள், அதற்குச் செலவு ஏதும் இல்லை.

கலர் இரண்டு போதும். ஆறு கலர் என்றால் ஆறு விதமான பாடி ஸ்டாக், ஆறு பெட்டி, ஒவ்வொரு கலர் மாறும்போதும் பாடி வார்க்கும் மெஷினின் பேரலைச் சுத்தம் செய்து வீணாகும் பிளாஸ்டிக். விற்காத நாலு கலர் குடோனில் உட்கார்ந்திருக்கும், அதுவும் உங்கள் முதலீடுதான்.

விலையைச் செலவிலிருந்து மேலே கூட்டிக்கொண்டு போகாதீர்கள், கடை விலையிலிருந்து கீழே கழித்துக்கொண்டு வாருங்கள். உதாரணத்துக்கு எம்ஆர்பி 5,900 ரூபாய் என்று வைப்போம். 18 சதவீத ஜிஎஸ்டியைப் பிரித்தால் 5,000. விநியோகஸ்தர், கடைக்காரர் இருவருக்கும் சேர்த்து 25 சதவீதம் என்றால் 1,250 போய், உங்கள் கைக்கு 3,750. அதில் பெட்டியும் லாரியும் 200, வாரண்டிக்கு ஒதுக்குவது 120, விளம்பரமும் கடை டெமோவும் 180, வாடகை, சம்பளம், வட்டி 350, உங்கள் லாபம் 400. மிஞ்சுவது 2,500. மோல்டுகளுக்கு மொத்தம் 12 லட்சம் ஆகிறது, அதை 3,000 மெஷினில் மீட்க நினைக்கிறீர்கள் என்றால் ஒரு மெஷினுக்கு 400. ஆக, கல், டிரம், மோட்டார், பாடி, ஒயர், பூட்டும் கூலி எல்லாம் சேர்ந்து 2,100-க்குள் முடிய வேண்டும். உங்கள் உண்மையான எண்களைப் போட்டுப் பாருங்கள், இன்புட் கிரெடிட் வரும் வரியை (பொருள் வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொள்ளும் ஜிஎஸ்டியை) சேர்க்காமல் போடுங்கள். மிஞ்சுவது போதவில்லை என்றால் பொருளை மாற்ற வேண்டும், லாபத்தைச் சுருக்கிச் சமாளிக்கக் கூடாது. வாரண்டிக்கு ஒதுக்கியதை வெட்டும் எண்ணம்தான் எல்லோருக்கும் முதலில் வரும், அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

வரியையும் நிலையானது என்று நம்ப வேண்டாம். கல் வைத்த வெட் கிரைண்டருக்கு 2017 ஜூலையில் 28 சதவீதம், அதே ஆண்டு நவம்பரில் 12, 2019-ல் 5, 2022 ஜூலையில் 18 என ஐந்து வருடத்தில் நாலு விகிதம் பார்த்த தொழில் இது. உங்கள் ஆடிட்டரிடம் இன்றைய விகிதத்தைக் கேட்டு எழுதி, ஆறு புள்ளி ஏறினாலும் தாங்குமா என்று ஒரு கணக்கும் போட்டு வையுங்கள்.

செலவைக் குறைக்க டிரம் தகட்டில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பதிலாக 202 கிரேடு போட்டால் கிலோவுக்கு நல்ல தொகை மிஞ்சும், பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் நிக்கல் குறைவான 202, உப்பும் புளித்த மாவும் பட்டுப் பட்டு வெல்டிங் ஓரத்தில் பழுப்புப் புள்ளி காட்டும். தகடு வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்ப்பது பலரின் வழக்கம். காந்தம் இந்த இரண்டில் எதிலும் ஒட்டாது, அதனால் அது சோதனையே இல்லை. சொட்டு விட்டு நிறம் பார்க்கும் கிட் கடையில் கிடைக்கிறது, ஒவ்வொரு லோடிலும் ஒரு தகட்டைச் சோதியுங்கள்.

ஒன்பது ஓட்டத்தில் ஒன்றாவது தேறி, ஒரு பக்க விவரமும் விலைக் கணக்கும் ஒத்துவந்த பிறகு பாடிக்கு வாருங்கள். அப்போதும் நேராக எஃகுக்குப் போக வேண்டாம். அட்டையிலோ தெர்மாகோலிலோ முழு அளவில் ஒரு மாதிரி செய்து, பார்த்த வீடுகளில் மூன்றில் மேடை மேல் வைத்துப் பாருங்கள். அலமாரிக்கு அடியில் நுழைகிறதா, ஒயர் எந்தப் பக்கம் வர வேண்டும், கைப்பிடியில் நாலு விரலும் போகிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரியும். அடுத்து 3டி பிரிண்ட் ஒன்று எடுத்து, அதைக் கொண்டு சிலிக்கான் ரப்பர் மோல்டு போட்டால் ஏறக்குறைய 20 பாடி வார்க்கலாம். உங்கள் முதல் 20 மெஷின் அதில்தான் வர வேண்டும். அப்படி வார்க்கும் பாலியூரித்தேன், நிஜ மோல்டில் வரும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் மாதிரி இருக்குமே தவிர ஏபிஎஸ் ஆகாது. பொருத்தம், அதிர்வு, தண்ணீர் வழியும் பாதை இதெல்லாம் அதில் சோதிக்கலாம். விழுந்தால் உடையுமா, சூட்டில் வளையுமா என்பதற்கு அந்தப் பதில் செல்லாது.

அந்த 20-ல் மூன்றை ஆயுள் சோதனைக்கு ஒதுக்குங்கள். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி என்றால் வருடத்துக்கு 78 மணி நேரம், ஐந்து வருடத்துக்கு 390. ஆக 400 மணி நேரம் ஓட வேண்டும். அரை மணி ஓட்டம், அரை மணி ஓய்வு என்று டைமர் வைத்தால் இரவு பகலாக 34 நாள். அவ்வளவு நாளும் உளுந்து போட முடியாது. நிஜ அரவையில் மோட்டார் எத்தனை வாட் இழுக்கிறது என்று பிளக் மீட்டரில் பார்த்துவிட்டு, டிரம்மில் ஒரு பிரேக் பட்டை கட்டி அதே வாட் வருமாறு இறுக்குங்கள். தினமும் ஒரு தடவை மட்டும் நிஜ மாவு ஆட்டி, வீட்டில் கழுவுவது போலவே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். தண்ணீர் ஊற்றாத ஆயுள் சோதனை பேரிங்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

மீதி 17 மெஷினைப் பணம் வாங்கிக்கொண்டு வீடுகளுக்குக் கொடுங்கள். சலுகை விலையாக இருக்கட்டும், இலவசமாக மட்டும் வேண்டாம். காசு கொடுத்தவர்தான் குறையைச் சொல்வார். ஒரு மாதம் கழித்து நேரில் போய்ப் பாருங்கள். மெஷின் மேடையில் இருந்தால் ஒரு செய்தி, பரணில் ஏறியிருந்தால் வேறு செய்தி.

இதற்குள் பழுதுகளின் பட்டியல் ஒன்று உங்கள் கையில் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண் போடுங்கள், ஒன்றிலிருந்து பத்து வரை: நேர்ந்தால் எவ்வளவு கேடு, எவ்வளவு அடிக்கடி நேரும், பட்டறையை விட்டுப் போகும் முன் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம். மூன்றையும் பெருக்குங்கள். பேரிங்கில் தண்ணீர் புகுவது 7, 6, 8 என்றால் 336. மேல் மூடியில் கீறல் 2, 5, 2 என்றால் 20. எதற்கு முதலில் பணம் செலவழிப்பது என்பதில் வீட்டிலும் பட்டறையிலும் சண்டை வராது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஷாக், தீ, கை மாட்டிக்கொள்வது போன்றவை பெருக்குத்தொகை எவ்வளவு குறைவாக வந்தாலும் முதலில் தீர்க்க வேண்டியவை.

பாதுகாப்புக்கு, வீட்டு மின்சாதனங்களுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 302 தான் அடிப்படை. கையில் தூக்கி நகர்த்தும், எர்த் உள்ள சாதனத்தில் கசிவு மின்சாரம் 0.75 மில்லி ஆம்பியருக்குள், மெஷினின் எர்த் டெர்மினலுக்கும் தொடக்கூடிய உலோகத்துக்கும் நடுவே மின்தடை 0.1 ஓமுக்குள் இருக்க வேண்டும். எர்த் ஒயர் டிரம் ஷாஃப்ட்டைத் தாங்கும் உலோகம் வரை போகிறதா என்று பாருங்கள், மோட்டாரோடு நின்றுவிடக் கூடாது. வீட்டு மின்சாதனங்களுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையின் அமல் தேதி முன்பு தள்ளிப்போயிருக்கிறது. எனவே உங்கள் உற்பத்தித் தேதிக்கு என்ன விதி என்பதைப் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆய்வகச் சோதனையை மோல்டுக்கு முன் மாதிரி மெஷினில் ஒரு தடவை, மோல்டு பாடியில் ஒரு தடவை என இரண்டாகத் திட்டமிடுங்கள். முதல் தடவை தோற்றால் நஷ்டம் சோதனைக் கட்டணத்தோடு நிற்கும்.

இப்போது மோல்டு. சுவர் தடிப்பு எங்கும் 2.5 முதல் 3 மி.மீ. வரை ஒரே சீராக இருக்கட்டும். உள்ளே வலுவுக்காக வரும் ரிப் (விலா போன்ற பட்டை) தடிப்பு சுவரில் 50 முதல் 60 சதவீதத்தைத் தாண்டினால் வெளிப்பக்கம் குழி விழும். பளபளப்பான பாடியில் அது முதல் பார்வையிலேயே தெரியும். பக்கச் சுவர்களுக்குக் குறைந்தது ஒரு டிகிரி சாய்வு, சொரசொரப்பு டெக்ஸ்சர் போட்டால் இன்னும் கூடுதல். ஏபிஎஸ் ஆறும்போது 0.4 முதல் 0.7 சதவீதம் சுருங்கும். பின்னால் யாராவது விலை குறைவு என்று பாலிபுரொப்பிலீனுக்கு மாறச் சொன்னால், அதன் சுருக்கம் 1 முதல் 2.5 சதவீதம் என்பதையும், அந்த மோல்டில் எந்தப் பொருத்தமும் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். டிரம் உட்காரும் இடம் போன்ற முக்கியப் பொருத்தங்களில் மோல்டு எஃகைக் கொஞ்சம் மிச்சம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். எஃகை இன்னும் செதுக்குவது சுலபம், வெட்டியதைக் கூட்டுவதுதான் கஷ்டம்.

கொட்டேஷனில் 40 சதவீத முன்பணம் அசாதாரணமானது இல்லை. நீங்கள் பேச வேண்டியது மீதி 60-ஐப் பற்றி. அதில் 30 சதவீதம், மோல்டை முதல் தடவை ஓட்டிப் பார்த்த ட்ரையல் பாகங்கள் கைக்கு வந்த பிறகு, கடைசி 30 சதவீதம் திருத்தம் முடிந்து, எல்லா அளவும் படத்தோடு ஒத்து, 500 ஷாட் (500 தடவை வார்ப்பது) தொடர்ந்து ஓடிய பிறகு என்று எழுதி வாங்குங்கள். மோல்டும் அதன் படங்களும் உங்களுக்கே சொந்தம் என்ற வரியும் அதில் இருக்கட்டும். ஒருமுறை ஒப்புதல் கொடுத்த படத்துக்குப் பதிப்பு எழுத்தும் தேதியும் போட்டுப் பூட்டிவிடுங்கள். அதற்குப் பின் எந்த மாற்றமும் போனில் சொல்லி நடக்கக் கூடாது.

பேரிங், பெல்ட், கெப்பாசிட்டர், சுவிட்ச் நாலும் எந்த மெக்கானிக் கடையிலும் கிடைக்கும் சைஸிலேயே போடுங்கள். தனி சைஸ் போட்டு ஸ்பேரில் சம்பாதிக்கலாம் என்ற யோசனை புதுப் பெயருக்கு ஆகாது. பூட்டும்போது தலைகீழாகவோ பக்கம் மாறியோ பொருந்தக்கூடிய பாகம் எதுவும் இருக்கக் கூடாது, ஒரு பக்கம் ஒரு காது கூடுதலாக வைத்தாலே போதும்.

பெட்டியைக் கடைசி வேலையாக நினைக்காதீர்கள். கல் டிரம்முக்குள் ஆடினால் லாரியிலேயே அடிக்கல் விளிம்பு உடையும். பேக்கிங் சோதனைக்கான சர்வதேச அமைப்பு ஐஎஸ்டிஏவின் 1ஏ முறைப்படி, 9.5 முதல் 19 கிலோ வரையுள்ள பெட்டியை 61 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போட வேண்டும்: ஒரு மூலை, மூன்று ஓரம், ஆறு முகம். 9.5 கிலோவுக்குக் கீழே என்றால் உயரம் 76 செ.மீ. லேசான பெட்டியைத்தான் தூக்கி எறிவார்கள் என்பதால்தான் உயரம் கூடுகிறது.

கொடிசியா கண்காட்சியில் காட்டும் ஆசை இருக்கும். அதற்கு முன் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வெளியில் காட்டிய வடிவம் புதியதல்ல என்று ஆகிவிடும். பதிவு 10 வருடம், புதுப்பித்தால் இன்னும் 5 வருடம் செல்லும். அது காப்பது தோற்றத்தை மட்டுமே. ஸ்பிரிங் அமைப்பில் உண்மையிலேயே புதிதாக ஏதாவது கண்டுபிடித்தால் அதற்குக் காப்புரிமை தனி, அதையும் காட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும். "கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்" என்பது புவிசார் குறியீடு பெற்ற பெயர். பெட்டியில் அதை அச்சிட வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராக முறைப்படி பதிவு செய்துகொள்ளுங்கள்.

முதல் 200 மெஷினைக் கோவை, திருப்பூர், பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் தாண்டி விற்க வேண்டாம். புகார் வந்தால் அன்றே பைக்கில் போய்ப் பழுதான பாகத்தைக் கையோடு கொண்டுவரும் தூரம் அது. பாகத்தைப் பையில் போட்டு, தேதி, ஓடிய மாதம், வீட்டில் பார்த்தது எல்லாம் எழுதி ஒட்டி வையுங்கள். ஒரே பாகம் மூன்றாவது தடவை வந்தால் அடுத்த பேட்சை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

மோல்டு செய்பவரிடம் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள், கொட்டேஷன் அதுவரை செல்லுமா என்று கேட்டு வையுங்கள். இந்த வாரம் உங்கள் லேத்தில் 20, 22, 25 மி.மீ. புல்லிகள் மூன்றையும் கடையுங்கள், 160 மி.மீ. டிரம் ஒன்றைத் தட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் 100 கிராம் உளுந்தை ஊறப்போட்டு முதல் ஓட்டத்தை ஆரம்பித்துவிடலாம். பதினெட்டு ஓட்டத்தின் எடையையும் வெப்பநிலையையும் எழுதி அனுப்பினால், ஸ்பிரிங்கின் கடினத்தைப் பற்றி அந்த எண்களை வைத்தே அடுத்துப் பேசலாம்.